விமலா வளைவு

என் செல்ல விமலாவுக்கு,

நீ போன பிறகு உன் மேசையை அப்படியே வைத்திருக்கிறோம் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் உன்னிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? அதன் மேல் இப்போது பிரிண்டர் இருக்கிறது. பிரிண்டர் மேல் யாருடைய டிபன் பாக்ஸாவது இருக்கிறது. வழி தெரியாமல் நிற்கிற ஆட்களுக்குப் போனில் வழி சொல்கிற உன் வேலையை, என் வேலையோடு சேர்த்து என் தலையிலேயே கட்டிவிட்டார்கள். அந்த இடத்துக்கு ஆள் கேட்டு நான் போடுகிற மெயில்களுக்கு ஒரு வருடத்துக்கு மேலாகப் பதில் இல்லை.

களைப்பாக இருக்கிறதடி. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

அயனம்பாக்கத்தில் அதே தகரக் கொட்டகைதான். ஆறரைக்கு லாரி வந்து பார்சல்களைக் கொட்டிவிட்டுப் போகிறது. ஒன்பதுக்குள் பிரித்து, டெலிவரி ஆட்கள் முப்பத்தெட்டு பேரையும் பையோடு வெளியே அனுப்பியாக வேண்டும். ஒரு போனில் "என் பார்சல் எங்கே?" இன்னொரு போனில் "ஏன் இன்னும் போகவில்லை?" நடுவில் நான். சாப்பாட்டை மூன்று தவணையாகச் சாப்பிடுகிறேன். தூக்கத்தில் "லைன்ல இருங்க சார்" என்று சொல்கிறேனாம். வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டு சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த வேலையில் அழகு என்று ஒன்று உண்டா என்று யாராவது கேட்டிருந்தால், போய் வேறு வேலை இருந்தால் பார் என்றிருப்பேன். போன வாரம் ஒரு நாள் நடந்ததை உன்னிடம் சொல்ல வேண்டும். சொல்ல வேறு ஆள் இல்லை.

புதன்கிழமை. முந்தின நாளெல்லாம் மழை. காலையிலும் விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. எண்ணூறு பார்சல் தரையில். எட்டரை மணிக்கு ஆப் படுத்துவிட்டது. எங்களுடையது மட்டும் இல்லை, எல்லா ஊரிலும். எந்தப் பார்சல் யாருக்கு, எந்தத் தெரு முதலில், எந்தப் பக்கம் திரும்புவது, எல்லாவற்றையும் அதுதானே சொல்லும்? அது இல்லாமல் முப்பத்தெட்டு பேரும் போனைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

ஏழுமலை அண்ணனை உனக்கு நன்றாகத் தெரியும். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் அவர் இருந்த கம்பெனியை மூடிய பிறகு, ஐம்பது வயதில் நம்மிடம் பை தூக்க வந்தவர். அவர்தான் முதலில் கேட்டார்.

"இன்னாக்கா, இப்ப இன்னா பண்றது?" என்னைவிடப் பத்து வயது மூத்தவர், இன்னும் அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்.

எனக்கு மட்டும் தெரியுமா? மேலே போன் போட்டேன். ஏரியா மேனேஜர் எடுத்தார். நீ இருந்தபோது இருந்தவர் இல்லை, இவர் புதியவர்.

"சர்வர் எப்ப வரும்னு தெரியாது மேடம். யாரையும் வெளியே அனுப்பாதீங்க. வந்ததும் எல்லாத்தையும் 'வீட்டில் ஆள் இல்லை'ன்னு போட்டுடுங்க. நாளைக்குப் பாத்துக்கலாம்."

"ஆள் இருக்காங்களே சார். இன்னைக்கு வரும்னு நாமதானே மெசேஜ் அனுப்பியிருக்கோம்?"

"மேடம், நான் சொல்றத செய்யுங்க."

போனை வைத்துவிட்டேன். இதுபோல ஒன்றிரண்டு பார்சலுக்கு நானே போட்டிருக்கிறேன், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எண்ணூறு வீட்டிலும் ஆள் இல்லையா? அத்தனை பேரும் வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பழி இந்த முப்பத்தெட்டு பேர் மேல் விழும். கதவைத் தட்டாமலே தட்டியதாகச் சொன்னவர்கள் என்று.

நான் யோசித்து முடிப்பதற்குள் ஏழுமலை அண்ணன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். ஒரு பார்சலை எடுத்து, மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு, அதில் ஒட்டியிருந்த விலாசத்தைச் சத்தமாகப் படித்தார்.

"இது முருங்கைமர ஊடு. யாரு லைனு?"

"என்துண்ணே," என்று ஒருவன் கையை நீட்டினான்.

"இது வாத்து ஊடு."

"இங்க குடுங்க."

"இது சண்டைக்கார டாக்டரு. பெல்லு அடிக்கக் கூடாது, போன் பண்ணணும்."

"தெரியும்ணே, தூக்கிப் போடு."

ஒருவர் உட்கார, இருவர் உட்கார, ஐந்து நிமிடத்தில் எல்லோரும் தரையில். ஒரே கூச்சல். மேலே தகரத்தில் மழை. திருவேற்காடு ஒரு மூலையில், மாங்காடு ஒரு மூலையில், ஏரிக்கரை நடுவில். தூங்குற நாய் சந்து. மூணு செருப்பு மாடி. பாட்டு டீச்சர் கேட். எண்ணும் குறுக்குத் தெருவுமாக நான் இத்தனை நாள் திரையில் பார்த்த இடங்களை எல்லாம் இவர்கள் ஆளாகவும் மரமாகவும் நாயாகவும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கையில் போனோடு நின்றவள் அப்படியே நின்றேன். ஒரு ஊரையே வாயால் கட்டி எழுப்புகிற மாதிரி இருந்தது விமலா.

அப்புறம்தான் எனக்கு உறைத்தது. இவை எல்லாம் நீ வைத்த பெயர்கள்.

வழி கேட்டு யார் போன் செய்தாலும் நீ முதலில் கேட்பது ஒன்றுதான். "பயப்படாதீங்க அண்ணா, எதிர்ல என்ன தெரியுதுன்னு சொல்லுங்க." அவர்கள் மரம் என்பார்கள், நாய் என்பார்கள், வாசலில் கிடக்கும் செருப்பை எண்ணிச் சொல்வார்கள். நீ அதையே அந்த வீட்டுக்குப் பெயராக வைத்துவிடுவாய். அடுத்தவன் கேட்டால், "மூணு செருப்பு மாடி தாண்டி வாங்க" என்பாய். "இப்படிச் சொன்னா எவனுக்குடி புரியும்?" என்று நான் உன்னைத் திட்டியிருக்கிறேன். எல்லோருக்கும் புரிந்திருக்கிறது. எனக்குத்தான் புரியவில்லை.

அந்த முருங்கைமரத்தைப் போன மாசியில் வெட்டிவிட்டார்களாம். கார் நிறுத்த இடம் வேண்டுமென்று. "மரம்தான் இல்லியே, இன்னும் எதுக்குண்ணே முருங்கைமர ஊடு?" என்று ஒரு பையன் கேட்டதற்கு ஏழுமலை அண்ணன், "அப்புறம் வேற இன்னான்னு கூப்டறது? அதான் பேரு," என்றார்.

கலைவாணி என்று ஒரு பெண். உனக்குத் தெரியாது. நான்கு மாதம் முன்னால் ஸ்கூட்டியோடு வந்து சேர்ந்தவள். இரண்டு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு நேரே வருவாள். ஏரியை ஒட்டிய புது நகருக்கான பார்சல்களை அவள் பையில் அடுக்கிக்கொண்டே, "நான் விமலா வளைவுல பூந்து போய்டறேன், சீக்கிரம் முடிச்சுடலாம்," என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எதுல பூந்து?"

"விமலா வளைவுக்கா. டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்துல செவுரு ஒடஞ்சு கீதே, ஒரு வண்டி வளைஞ்சு பூர்ற மாதிரி? மேப்புல முட்டுச் சந்துன்னு காட்டும். அது வழியா போனா சுத்த வேணாம். விமலான்னா இன்னாக்கா, அங்க எதுனா கடையா?"

ஏழுமலை அண்ணன்தான் தலை நிமிராமல் சொன்னார்.

"கடை இல்லம்மா. ஒரு பொண்ணு. இங்கதான் ஒக்காந்துகினு போன்ல வழி சொல்லும். ஒருநாள் மழைல நான் அந்த செவுத்தாண்ட மாட்டிகினேன். 'நல்லா பாருங்கண்ணா, எங்கனா சந்து கீதா'ன்னு என்னைத் தேட வச்சு, அதுதான் கண்டுபிடிச்சுது. அங்கியே குடியிருக்கறவங்களுக்குத் தெரியாதது, இங்க ஒக்காந்த அதுக்குத் தெரிஞ்சுது."

"இப்ப எங்க கீது?"

"இல்லம்மா," என்று மட்டும் சொன்னார். கலைவாணி என்னைப் பார்த்தாள். பிறகு பையின் ஜிப்பை மெதுவாக இழுத்து மூடினாள்.

ஒன்பதே முக்காலுக்கு எல்லோரையும் அனுப்பிவிட்டேன். "கையெழுத்தைப் பேப்பர்ல வாங்குங்க. வழி தெரியலைன்னா எனக்குப் போன் பண்ணுங்க," என்றேன். மேலே கேட்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார்கள்.

பிரிண்டரை நகர்த்திவிட்டு உன் நாற்காலியில் உட்கார்ந்தேன். போன் வந்துகொண்டே இருந்தது. முதல் நாலைந்து பேரிடம் என் வழக்கப்படி கத்தினேன். "எந்தத் தெரு? நம்பர் என்ன? போர்டைப் படிங்க!" தெருவில் முழங்கால் தண்ணீர், போர்டாவது ஒன்றாவது. அப்புறம் ஏழுமலை அண்ணன் கூப்பிட்டார். தண்ணீரைத் தவிர்க்கப் போய் எங்கோ திரும்பிவிட்டாராம், இடம் பிடிபடவில்லை. என்ன நினைத்தேனோ, குரலை இறக்கிக் கேட்டேன்.

"பயப்படாதீங்க அண்ணா. எதிர்ல என்ன தெரியுது?"

அந்தப் பக்கம் வண்டியை நிறுத்தி ஸ்டாண்டு போடுகிற சத்தம் கேட்டது.

"ஏரி தெர்துக்கா," என்றார். "ஏரி ரொம்பிகினு கீது. மழை வுட்டுச்சு. வெயிலு வந்து தண்ணி மேல வுழுது. அந்தாண்ட கரையில வெள்ளை வெள்ளையா கொக்கு. எவ்ளோ நாளா இந்தாண்ட போறேன், நின்னு பாத்ததே இல்லக்கா."

"பாருங்கண்ணா," என்றேன். "ரெண்டு நிமிஷம் பாத்துட்டு அப்புறம் சொல்லுங்க."

டெலிவரி மேனேஜர் சொல்லக்கூடிய பேச்சா இது? போனைக் காதில் வைத்துக்கொண்டு, தகரக் கொட்டகைக்குள், பார்சல் டேப் வாசனையில், நான் அந்த ஏரியைப் பார்த்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துக்கொள்வதற்குள் அடுத்த போன்.

மாலை ஐந்தரைக்கு ஆப் உயிர் பெற்று வந்தபோது எழுபத்து மூன்று பார்சல்தான் மிச்சம். ஈரப் பேப்பரில் கையெழுத்துகளை விரித்து மின்விசிறிக்கு அடியில் காய வைத்தோம். கலைவாணி எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கி வந்தாள். அவ்வளவுதான், கதை நன்றாக முடிந்தது என்று நினைக்காதே. சொன்னதை மீறியதற்கு எனக்கு மெமோ வந்திருக்கிறது. விளக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். என்ன ஆகும் என்று தெரியவில்லை. மறுநாள் காலை ஆறரைக்கு லாரி வந்தது. எல்லாம் பழையபடி. நானும் பழையபடி கத்தினேன். ஆனால் போனை எடுத்தால் இப்போது முதலில் உன் கேள்வியைத்தான் கேட்கிறேன்.

இத்தனையும் எழுதிவிட்டேன். எழுத வேண்டியதை இன்னும் எழுதவில்லை.

அந்தத் தீபாவளி சேலின்போது உனக்குக் காய்ச்சல். நீ என் மேசைக்கு வந்து, "அக்கா, உடம்பு முடியல, நாளைக்கு லீவு வேணும்," என்றாய். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ரெண்டே நாள் பொறுத்துக்கோ விமலா, சேல் முடியட்டும்," என்றேன். நீ "சரிக்கா" என்றாய். கோபித்துக்கொள்ளக்கூட இல்லை. மாத்திரை போட்டுக்கொண்டு, துப்பட்டாவைக் காதோடு சுற்றிக்கொண்டு, இரண்டு நாளும் வழி சொன்னாய். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரி. ஒன்பதாம் நாள் நீ இல்லை.

முன்னாடியே வந்திருந்தாலும் பிழைத்திருப்பாய் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னார். அவர் சொன்னது உண்மையா, இல்லை என் முகத்தைப் பார்த்துச் சொன்னாரா? அந்த இரண்டு நாளை நான் கொடுத்திருந்தால்? உனக்காவது தெரியுமா?

இப்போது யாராவது உடம்பு சரியில்லை என்றால், மேலே என்ன சொன்னாலும் முதலில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன். அதனால் உனக்கு என்ன?

உன் அம்மா மாதம் ஒரு முறை போன் செய்கிறார். முத்தாபுதுப்பேட்டை வீட்டில் இப்போது அம்மாவும் அப்பாவும் மட்டும்தான். அப்பா ஃபேக்டரியிலிருந்து ரிட்டயர் ஆகிவிட்டார். ஒவ்வொரு முறையும் அம்மா அதையேதான் சொல்கிறார், அந்தத் திருநெல்வேலிப் பேச்சில்: "எம்பிள்ளைய நீதான் தாயி கூடப்பிறந்தவ மாதிரி பாத்துக்கிட்ட. அவ வாயத் தொறந்தா சாந்தி அக்கா, சாந்தி அக்காதான்." நான் "சரிம்மா, உடம்பைப் பாத்துக்கோங்க" என்று போனை வைத்துவிடுகிறேன். ஒரு வருடத்துக்கு மேலாக இப்படித்தான். எண்ணூறு வீட்டுக்குப் பொய் சொல்ல முடியாது என்று மேனேஜரை மீறினவள், ஒரு வீட்டுக்கு மட்டும் மாதம் தவறாமல் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை லீவு போட்டிருக்கிறேன் விமலா. முத்தாபுதுப்பேட்டைக்குப் போகிறேன். முதலில் உன் பெயரில் ஒரு வளைவு இருப்பதைச் சொல்வேன். உன்னை ஒருமுறைகூடப் பார்க்காத ஒரு பெண் தினமும் அது வழியாகப் போகிறாள் என்று சொல்வேன். அம்மா சந்தோஷப்படுவார். அதோடு நிறுத்திக்கொண்டு எழுந்து வந்துவிடத்தான் தோன்றும். வர மாட்டேன். நீ லீவு கேட்டதையும் நான் தராததையும் சொல்லிவிடுவேன். அதற்கப்புறமும் அவர் சாப்பிட்டுப் போ என்றால் சாப்பிடுகிறேன். எழுந்து போ என்றால் போகிறேன். இது உனக்கு நான் கொடுக்கிற வாக்கு.

அன்று உனக்கு லீவு தராத
உன் அக்கா,
சாந்தி