டெல்லி மியூசியத்தில் நம்ம ஊர்ப் பேர்

ஜனவரி 8, டெல்லி

பல் கிட்டும் குளிர். சால்வை போதவில்லை. கண்காட்சியில் நாங்கள் போட்ட மீன் ஊறுகாய்க் கடை நேற்றோடு முடிந்தது. இன்று எங்கள் மகளிர் குழுவைத் தொண்டு நிறுவன மேடம் தேசிய வரலாற்று மியூசியத்துக்குக் கூட்டிப்போனார்.

தங்கை கனகாவுக்கு வர மனசே இல்லை. அடுத்த வாரம் மஸ்கட் பயணம், வீட்டு வேலைக்கு. புருஷனைக் கடல் கொண்டுபோனபின் வேறு வழி? பிள்ளை திவ்யா என்னோடு இருக்கும்.

மாடியில் ஒரு கூடம். சுவரில் பழைய கடல் வரைபடம். மேடம் விரல் வைத்துக் காட்டினார்: பழவேற்காடு, நம்ம ஊர்! கைதட்டிவிட்டோம். காவலாளி முறைத்தார்.

பக்கத்தில் ஒரு படம். வெள்ளைக்காரச் சீமாட்டி, அவளுக்குக் குடை பிடித்தபடி ஒரு கறுத்த பெண். நம்ம பக்கத்து முகம். கீழே இங்கிலீஷில் இருந்ததை மேடம் தமிழில் சொன்னார். டச்சுக்காரர்கள் நம்ம ஊரிலிருந்து துணி மட்டும் ஏற்றவில்லையாம். ஆட்களையும், அடிமைகளாக, ஜாவாவுக்கு. பஞ்சத்தில் பெற்றவர்களே விற்றதும் உண்டாம்.

ஊரில் இருக்கும் டச்சுக் கல்லறை தெரியும். ஆடு மேயும் இடம். இது தெரியாது.

கனகா கேட்டாள்: "யாராச்சும் திரும்பி வந்தாங்களா மேடம்?"

"அது போடலம்மா."

ஜனவரி 10, ரயிலில்

நாக்பூர் தாண்டியாச்சு. ஆரஞ்சு வாங்கினோம், புளிப்பு. மேல் பர்த்தில் படுத்த கனகா இறங்கவே இல்லை. சாப்பிடக் கூப்பிட்டபோது சொன்னாள்: "பாத்தியாக்கா? குடை முழுக்க அந்தம்மா மேலதான். இவ வெயில்ல நிக்கிறா."

"போவாதடி" என்றேன்.

"போவலன்னா? ஏரியில இன்னா கீது?"

ஒரு ஆரஞ்சை உரித்து மேலே நீட்டினேன்.

ஜனவரி 12, கோட்டைக்குப்பம், பழவேற்காடு

வாடைக்காற்று. மஸ்கட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்ட் வந்தார். காபி கொடுத்தேன். கனகா நின்றுகொண்டே கேட்டாள்: "பாஸ்போர்ட் யார் கையில இருக்கும்ணே?"

"முதலாளி வச்சுப்பாரு. அதான் வழக்கம்."

"நடுவுல வரணும்னா?"

"ரெண்டு வருஷம் முடியட்டும்மா. அப்பால பேசலாம்."

"அப்ப நான் வரல."

ஏஜெண்ட் காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். அவர் வண்டிச் சத்தம் போன பிறகுதான் கனகா உட்கார்ந்தாள். எனக்குப் பயம்தான். டம்ளரை எடுத்துக் கழுவினேன்.

ஜனவரி 19

பனி. ஏரியின் எதிர்க்கரை தெரியவில்லை. கனகாவுக்கு மீஞ்சூர் கம்பெனி ஒன்றில் பேக்கிங் வேலை, இன்று முதல் நாள். மஸ்கட் சம்பளத்தில் பாதிகூட வராது. விடியலிலேயே ஷேர் ஆட்டோ ஏறிவிட்டாள்.

தலை பின்னும்போது திவ்யா கேட்டது: "பெரிம்மா, அம்மா எப்ப வரும்?"

"சாயங்காலம்."

"சரி" என்று ரிப்பனை நீட்டியது.