அலுமாரி நிண்ட இடம்

செவ்வாய்க்கிழமை, இரவு

குருநகரிலை எங்கடை மாடி வீடு ஒரு அறையும் ஒரு ஹோலும்தான். இண்டைக்குத் தங்கச்சி வந்து, போனிலை பார்த்த வீடியோ மாதிரி எல்லாத்தையும் ஒதுக்கித் தந்தாள். மீன் வலை மூட்டையைக் கட்டிலுக்குக் கீழை அடைச்சாள். ஹோல் நடுவிலை நிண்ட அலுமாரியை அறைக்குள்ளை தள்ளினாள். என்ரை மனுசன்ரை துடுப்பைச் சுவரிலை ரெண்டு ஆணி அடிச்சு, கிடையா வைச்சாள்.

"இப்ப பாருங்கோ அக்கா, ஆறு பேர் பாய் விரிக்கலாம். உந்த அலுமாரியை ஏன் இவ்வளவு நாளும் நடுவிலை வைச்சிருந்தனீங்கள்?"

நான் சிரிச்சுச் சமாளிச்சன். அவளுக்கு என்னெண்டு சொல்லுறது? அது அங்கை நிண்டால் மனுசனுக்குக் கை ஓங்க இடமில்லை. ஓங்கினால் முழங்கை அலுமாரியிலை இடிக்கும். அடியின்ரை பாதி வேகம் அதோடை போயிடும். மூண்டு வருசமா அந்த இடைவெளியை நான் சாணாலை அளந்து வைச்சிருந்தனான்.

தங்கச்சி போனாப்பிறகு, பின்னேரம் மனுசன் குடிச்சிட்டு வந்தான். சோறு ஆறிப்போச்சாம். முதல் அடியிலையே நான் சுவரோடை போய் மோதினன். முன்பல்லு ஒண்டு வாய்க்குள்ளை கழண்டுது. திரும்பவும் கை ஓங்கினான். என்ரை தலைக்கு மேலை துடுப்பு இருந்தது. எடுத்து, ரெண்டு கையாலையும் முழுசா வீசினன். அது ஒண்டிலையும் இடிபடேல்லை, அவனிலை மட்டுந்தான்.

வலக்கை ரெண்டு இடத்திலை முறிஞ்சுபோச்சாம். ஆசுப்பத்திரியிலை கிடக்கிறான்.

இப்ப தங்கச்சி எனக்குப் போன் எடுத்தாள்.

"எப்பிடி அக்கா, வீடு வசதியா இருக்கோ?"

"ஓம்," எண்டன். "அலுமாரி அறைக்குள்ளையே நிக்கட்டும்."