இரட்டையருக்கு ஒரே பேட்ச்

செவ்வாய், சத்தியவேடு

இன்று தடுப்பு மருந்து கொடுக்கப் போன லாவண்யா வீட்டில் நடந்ததை மேலதிகாரியிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

ஊசிக்குப் பதிலாகக் கையில் ஒட்டும் தட்டம்மைத் தடுப்பு பேட்ச் இன்னும் சோதனையில்தான் இருக்கிறது. வீட்டுக்கு ஒரு குழந்தைக்குத்தான் அனுமதி. அவளுடைய இரட்டையரில் தருண் பெயர்தான் பட்டியலில் வந்தது. அவன் கையில் ஒட்டினேன். பேட்சிலிருக்கும் பொடி முட்கள் தோலுக்குள் கரைய ஐந்து நிமிடம் ஆகும். அதற்குள் படிவத்தை முடித்துவிடலாம் என்று குனிந்தவள், 'ஐந்து நிமிடம் இருந்தது' என்ற கட்டத்திலும் டிக் போட்டுவிட்டேன். எப்போதும் அப்படித்தான் செய்கிறேன். நிமிர்ந்து பார்த்தால் பேட்ச் வருண் கையில் இருக்கிறது.

"இன்னாம்மா பண்ண?" என்று கத்திவிட்டேன்.

"ரெண்டும் ஒண்ணா பொறந்ததுங்க மேடம். ஒண்ணுக்குச் செஞ்சிட்டு இன்னொண்ண உட்டா ஆவாது. அதான் பிச்சி இவனுக்கு ஒட்டிட்டேன்."

ஒருவன் தோலில் குத்தியது இன்னொருவன் தோலில். ரத்தம் ஏதும் பட்டிருக்குமோ? மருந்து யாருக்குத்தான் இறங்கியது? பதறிப்போய்ப் பிய்த்தெடுத்தேன். படிவத்தில் போட்ட டிக்கை மட்டும் அழிக்கவில்லை. காலையில் படிவம் திருப்பதி ஆபீசுக்குப் போய்விடும்.

வாசல்வரை வந்து கேட்டாள்: "இனிமே ரெண்டு பேருக்கும் அம்மை வராது இல்ல மேடம்?"

வராது என்று சொல்லிவிட்டு வந்தேன்.