கால்விரல்களுக்குச் சுடுதண்ணீர் வேண்டாம்

இயேசு மரி சூசை துணை

குருநகர்,
தை 19

அன்புள்ள மகன் டினேசுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் தயவில் நானும் தங்கச்சியும் இருக்கிறோம், நீங்களும் சுகமாயிருக்க மன்றாடுகிறேன், ஆனால் சுகம் என்று நீ சொல்வதை இனி நம்பமாட்டேன். சுடுதண்ணீரை நிறுத்து என்று போனில் சொன்னேன், ஓம் அம்மா ஓம் அம்மா என்று வைத்துவிட்டாய், சொறியவைக்கிற கடி அடங்குகிறது என்று இன்னமும் காலை ஊறவைக்கிறாய் என மருமகள் சொல்கிறாள். அதனால்தான் கைப்பட எழுதி, நாளைக்கு உங்கள் குளிர்நாட்டுக்குப் பிளேன் ஏறுகிற கனிசியஸ் மாமாவிடம் கொடுத்துவிடுகிறேன்.

பிழை என்னுடையது. நீ அனுப்பிய படத்தில் விரல்கள் சிவந்து வீங்கியிருக்க, மாரியில் எங்கள் ஆட்களுக்கு வருகிற சேற்றுப்புண் என்று நினைத்து, கொதிதண்ணீரில் உப்புப் போட்டுக் காலை வை, வேப்பெண்ணெய் பூசித் தேய் என்றேன். உன் அப்பாவுக்கு நாற்பது வருசம் அதைத்தான் செய்தேன். உனக்கோ மூன்றாம் நாள் கொப்புளம் போட்டுவிட்டது.

பயத்தில் பக்கத்துவீட்டு அற்புதராணியின் படலையைத் திறந்து உள்ளே போனேன். உன் அப்பாவின் சாவீட்டுக்கு அவள் வராமல் விட்டுப் பன்னிரண்டு வருசம், ஒரு நாளும் நான் அதை மறக்கவுமில்லை, அவளோடு கதைக்கவுமில்லை. அவளுடைய மகள் ஜெசிதா நேர்ஸ், லீவில் நிற்கிறாள். படத்தைப் பார்த்துவிட்டு, அன்ரி, உது சேற்றுப்புண் இல்லை, ஈரக்குளிர் பிடிச்ச விரல், சடாரெண்டு சூடு காட்டினால் இன்னும் கெடும் என்றாள். சேற்றுப்புண் விரலிடுக்கில் வெள்ளையாய் ஊறி உரியுமாம், இது விரலில் சிவந்து ஊதாவாகி, சூடு பட்டதும் கடித்து எரியுமாம். அற்புதராணி குசினிக்குள் நின்று, அவவுக்கு எல்லாம் தெரியுமே, பிறகேன் இஞ்சை வந்தவ என்றாள். உனக்காக அந்தப் பேச்சையும் வாங்கிக்கொண்டேன்.

நீ வேலை செய்கிற மீன் கொம்பனியில் ஐஸ்தண்ணீர் சப்பாத்துக்குள் போனால் உடனே கழற்று. ஒற்றித் துடை, தேய்க்காதே, சொறியாதே. காலுக்குக் காய்ந்த கம்பளி மேசு போடு, மாற்ற இரண்டு சோடி பையில் இருக்கட்டும், இறுக்கின சப்பாத்து வேண்டாம். ஹீற்றருக்குக் கிட்டக் காலை நீட்டாதே, போர்வைக்குள் மெல்லமெல்லச் சூடு வரட்டும். சிகரெட் விரலுக்கு இரத்தம் போகவிடாதாம், நீ பத்துவது எனக்குத் தெரியாது என்று நினைக்காதே. கொப்புளம் போட்டபடியால் இதை வாசித்த கையோடு டொக்டரிடம் போ. விரல் வெளிறி விறைத்தால், கறுத்தால், சீழ் வைத்தால் ஒரு மணித்தியாலமும் வீட்டில் நிற்காதே. வேலை போனால் வேறு வேலை, விரல் போனால் நான் என்ன செய்வேன்.

மாதா உன்னைக் காப்பாற்றட்டும், பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். ஞாயிற்றுக்கிழமை கதைக்கும்போது முகத்தைக் காட்டவேண்டாம், காலைக் காட்டு. ஜெசிதா பக்கத்தில் இருந்து பார்ப்பாள். தாயும் வந்தால் வரட்டும், கதிரை போடுவேன், கதைக்கமாட்டேன்.

இப்படிக்கு,
உனக்குப் பிழையாகச் சொல்லித்தந்த அம்மா,
யசிந்தா