ஒரே செயின், இரண்டு பின்சில்லு

3 மார்ச், திங்கள்
விடியவே புழுக்கம். நிலாவெளி வீதியில் பயிற்சி. கால் பரவாயில்லை. ஞாயிறு பெண்கள் சைக்கிள் போட்டி. எனக்கு முப்பத்தாறு, இதுவே கடைசியாக இருக்கலாம்.

வந்தபோது இவர் இன்னும் கதிரையில். சிக்குன்குனியாக் காய்ச்சல் விட்டும் முழங்கால் வலி விடவில்லை. முன்பெல்லாம் நான் பயிற்சி முடித்து வர, அதே சைக்கிளில் உவர்மலை அலுவலகத்துக்குப் போவார். இப்போது ஓட்டோ.

"ஏத்தத்தில மிதிக்க ஏலாது. சைக்கிளை நீரே வைச்சிரும்." சிரித்துக்கொண்டுதான் சொன்னார். தேத்தண்ணியைக் குடிக்காமல் ஆறவிட்டார்.

வாங்க வேண்டியது: வெங்காயம், செயின் கழுவ மண்ணெண்ணெய், அவருக்குத் தைலம்.

4, செவ்வாய்
கிண்ணியா சைக்கிள் கடை. கடைக்கார நானாவிடம் பழைய பின்சில்லு ஒன்று, சக்கரமும் பல்லுமாக, கிடைத்தது. அதில் பெரிய கியர் 34 பல். என்னுடையதில் 25தான். 34இல் வேகம் வராது, ஆனால் ஏற்றத்தில் முழங்காலுக்குப் பாரமில்லை. போட்டிக்கு என் சில்லு, அலுவலகத்துக்கு இது. மாற்றுவது சின்ன வேலை.

நானா சொன்னார்: "சில்லு மாத்தலாம் தங்கச்சி. செயின் காணுமா எண்டு பாருங்க."

5, புதன்
காணவில்லை, நீளம் போதாது. நானாவின் சில்லைப் போட்டு, முன்னும் பின்னும் பெரிய பல்லுக்கு மாற்றினேன். செயின் கம்பி மாதிரி இறுகி, அதன் தொய்வை இழுத்துப் பிடிக்கும் பின் கியர் கையை முன்னால் இழுத்துக்கொண்டு நின்றது. வீதியில் என்றால் அந்தக் கை முறிந்து சில்லுக்குள் போயிருக்கும்.

இவர் குசினி வாசலில் நின்று பார்த்திருக்கிறார்.
"ஆருக்கு இந்தச் சில்லு?"
"உங்களுக்கு."
"போட்டி வருகுது. எனக்காக உம்மட செயினில கை வைக்காதையும்."
"உங்களுக்காக இல்லாம வேற ஆருக்காக?" கத்திவிட்டேன்.
சாப்பிடாமல் படுத்தார். மீன் குழம்பு அப்படியே.

7, வெள்ளி
தூறல். புதுச் செயின் வாங்கி வந்தேன். அளந்தது இவர். நான் கேட்கவேயில்லை. அவரால் குந்தியிருக்க முடியாததால் சைக்கிளை மேசையில் கவிழ்த்து வைத்தேன்.

"ரெண்டு சில்லுக்கும் ஒரு செயின் எண்டா பெரிசுக்குத்தான் அளக்க வேணும்."

கியர் கைக்குள் விடாமல், முன் பெரிய பல்லையும் பின் 34ஐயும் சுற்றிப் பிடித்து, மேலே இரண்டு கண்ணி கூட விட்டு வெட்டினோம். பிறகு என் சில்லைப் போட்டு, இரண்டு பக்கமும் சின்னப் பல்லில் பார்த்தோம். கொஞ்சம் தொய்வு. ஆனால் கை இழுத்துப் பிடிக்கிறது.

"குழியில விழுந்தா செயின் அடிக்கும்," என்றார்.
"அடிக்கட்டும்."
கை முழுக்கக் கிறீஸ். ஒரே துவாயில் துடைத்தோம்.

9, ஞாயிறு
நான்காவது இடம்.

முடிவுக் கோட்டருகே இவர் வெயிலில் தொப்பி இல்லாமல் நின்றிருந்தார். ஓடி வர முடியாமல் நொண்டி வந்து முதல் கேள்வி: "செயினாலயா?"
"இல்ல. மற்றவை என்னைவிடக் கெட்டிக்காரியள்."
பெருமூச்சு விட்டார். அவருக்கு அதுதான் பயமாக இருந்திருக்கிறது. இளநீர் வாங்கித் தந்தார்.

10, திங்கள்
34ஐப் போட்டுக் கொடுத்தேன். அவர் முதலில் போனார், நான் பஸ். நான் வேலை செய்யும் மருந்துக்கடை வாசலில் நின்றால் உவர்மலை ஏற்றம் தெரியும். பாதியில் இறங்கி, சைக்கிளைப் பிடித்தபடி நின்றார். ஓடிப்போகலாம் என்று தோன்றியது. போகவில்லை. "மிஸ், இருமல் மருந்து இருக்கா?" என்று ஒருவர். எடுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பினால், மறுபடி ஏறி மிதிக்கிறார். கால் படபடவென்று, சைக்கிள் மெதுவாக. வளைவு வரை பார்த்தேன்.

பின்னேரம், தைலம் பூசும்போது சொன்னார்:
"நாளைக்கும் அந்தச் சில்லு இருக்கட்டும். கழட்டாதையும்."

நாளைக் காலை எனக்குப் பயிற்சி இல்லை. சில்லு அப்படியே இருக்கட்டும்.