மூன்று எண்ணும்வரை

ஸ்காபரோ, கனடா
ஆடி 19

அன்புள்ள மச்சாளுக்கு,

நானும் பிள்ளையும் சுகம். உங்கள் தம்பியும் சுகம் என்று எழுதத்தான் ஆசை. போனில் கதைத்தால் அவருக்குக் கேட்கும், அதனால்தான் கடிதம்.

அவர் சமைக்கும் யப்பான் சாப்பாட்டுக் கடையில் இந்தக் கோடைக்கு யப்பானின் ஒவ்வோர் ஊரிலிருந்தும் சாக்கே இறக்கியிருக்கிறார்கள். அரிசியைப் புளிக்கவைத்து எடுக்கிற மது அது, வெயிலுக்குக் குளிரவைத்துக் குடிப்பார்களாம். இவருக்கு நல்ல மூக்கு என்று முதலாளி மரியோ ஒவ்வொன்றையும் ருசி பார்த்து எழுதச் சொல்லிவிட்டார். ஐந்து வருடத்துக்கு முன், ஈரல் பழுதாகி அவர் கிடந்தபோது நீங்கள் ஜெர்மனியிலிருந்து வந்து நின்றீர்கள். இனி ஒரு சொட்டும் ஆகாது என்று டொக்டர் சொன்னதைக் கேட்டீர்கள்தானே. இந்த ருசி பார்க்கிற வேலையைக் கேட்டதும் நான் கோபத்தில் துள்ளினேன். அவரோ, விசர்க்கதை கதைக்காதையும், கொப்பளிச்சுத் துப்புறதுதான் உந்த வேலை என்கிறார்.

களவாக, அவர் ருசி எழுதிவைக்கிற கொப்பியைப் பார்த்தேன். நீகாட்டாச் சாக்கே, மழைத்தண்ணி போலச் சுத்தம், இனிப்புக் குறைவு. அக்கித்தா, பழுத்த விளாம்பழ மணம். ஹிரோஷிமா, வாயில் மெத்தென்று இருக்கும், இறங்கி மூன்று எண்ணினால் நெஞ்சுக்கு நடுவே இஞ்சிச் சூடு எழும்பும்.

துப்புகிறவருக்கு நெஞ்சுச் சூடு எப்படித் தெரியும்? கேட்டேன். போத்தலில் ஒட்டியிருந்த தாளில் கிடந்ததாம்.

நான் விடுவேனா? பெயரைக் குறித்துக்கொண்டு போய், அந்த ஹிரோஷிமாச் சாக்கேயில் ஒரு போத்தல் வாங்கினேன். கோயில் ஆட்கள் கண்டால் மானம் போய்விடும் என்று முருங்கைக்காய்ப் பைக்குள் ஒளித்துக்கொண்டு வந்தேன். தாளில் சூடும் இல்லை, இஞ்சியும் இல்லை. அரிசி, தண்ணீர், மது எத்தனை வீதம், அவ்வளவுதான். அதற்குப் பிறகும் என் மனம் அடங்கவில்லை. சும்மா அடித்துவிட்டிருப்பாரோ என்று ஒரு நப்பாசை. இத்தனை வருடம் குடியைத் திட்டிய நான், குசினிக்குள் நின்று ஒரு மிடறு விழுங்கினேன், மச்சாள். ஒன்று, இரண்டு, மூன்று. அவர் எழுதியபடியே, அதே இடத்தில் சூடு வந்தது.

மிச்சத்தைச் சிங்குக்குள் ஊற்றிவிட்டேன். நான் கேட்டால் இன்னொரு பொய்தான் வரும். உங்களுக்கு மட்டும்தான் பயப்படுவார். ஏசவேண்டாம், ஒருதரம் வந்து நில்லுங்கள். எனக்கு அவர் எத்தனை பொய்யும் சொல்லட்டும். ஆள் எனக்கு உயிரோடு இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
உங்களை நம்பியிருக்கும்
யோகமலர்