கதவுக்கு ஒரு நர்ஸ்

அக்கா,

இன்று காலை நகராட்சி ஆட்கள் எங்கள் தெருக் கிணற்றில் பிளீச்சிங் பவுடர் கொட்டினார்கள். அந்த நெடி மூக்கில் ஏறியதும் உங்கள் நினைவுதான் வந்தது. கூடவே கோபமும் வந்தது.

காரைக்குடியில் வாந்திபேதி பரவிய அந்தக் கோடையில் ஆஸ்பத்திரியில் இடமில்லை. சேவைச் சங்கம் நம்மைப் போன்ற நர்ஸுகளை வீடுவீடாக அனுப்பியது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் காரியதரிசி ஒரு விதி போட்டார்: ஒரு கதவு எண்ணுக்கு ஒரு நாளைக்கு ஒரு நர்ஸ், ஒரு சலைன் பாட்டில். எந்த ஊரில் இருந்துகொண்டு இந்த விதியைப் போட்டார் மனிதர்? முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும் செட்டியார் வீட்டுக்கு இரண்டு எண். அதற்கு எதிரே கூலிக் குடும்பங்கள் நெருக்கியடித்துக் கிடந்த லைன் வீடுகளுக்கு, மொத்த வரிசைக்கும் ஒரே எண்.

அன்று ஒரு பெரிய வீட்டுக்கு நீங்கள் முன்வாசல் வழியாக வந்தீர்கள், நான் பின்வாசல் வழியாக வந்தேன். இருவரும் ஒரே கட்டிலருகே போய் நின்றோம். படுத்திருந்த பெரியவரோ பேதி நின்று, கஞ்சி கேட்டுக்கொண்டிருந்தார். அப்போதுதான் லைன் வீட்டு வேலாயியின் புருஷன் பின்வாசலில் வந்து கும்பிட்டான்.

"காலையிலேருந்து கண்ணே தொறக்கல தாயீ. எங்க நம்பருக்கு இன்னைக்கு நர்ஸம்மா வந்துட்டுப் போயிட்டாகளாம். இனி நாளைக்குத்தானாம்."

வேலாயி கைக்குழந்தைக்காரி. நாளை வரை தாங்கமாட்டாள் என்பது நம் இருவருக்கும் தெரியும். நீங்கள் பையைத் தூக்கிக்கொண்டீர்கள். அந்த வீட்டு ஆச்சியும் தடுக்கவில்லை. "ரெண்டு பாட்டிலையும் எடுத்துக்கிட்டுப் போங்க. கேட்டா நாஞ் சொல்லிக்கிறேன்" என்றார். வேலாயி வீட்டுக் கூரை விட்டத்தில் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டு, வற்றிப்போன கையில் நரம்பைத் தேடித் தேடி ஊசியை ஏற்றினீர்கள். சாயங்காலம் அவள் கண் விழித்துக் குழந்தையைக் கேட்டாள்.

மறுநாள் காரியதரிசி உங்களைக் கூப்பிட்டனுப்பினார். "யாரக் கேட்டு அங்குட்டுப் போனீக? சங்கத்துக்குன்னு ஒரு ஒழுங்கு இல்லையா?"

"நம்பருக்கா சார் பேதியாகுது? ஆளுக்குத்தானே ஆகுது" என்றீர்கள்.

அன்றே உங்கள் வேலை போயிற்று. ஆச்சி சொல்லியனுப்பியும் அவர் கேட்கவில்லை. ஊரே துவண்டு கிடக்கும்போது, ஊசி போடத் தெரிந்த ஒருத்தியை வீட்டுக்கு அனுப்பினார்கள்! இத்தனை வருஷம் கழித்தும் நினைத்தால் எனக்கு உடம்பு பற்றி எரிகிறது. நீங்கள்தான், "விடு, சாக்கோட்டையில நோயாளியே இல்லையா?" என்று சிரித்தபடி கிளம்பிப் போனீர்கள். எனக்கு அந்தச் சிரிப்பு வரவில்லை, அக்கா.

நீங்கள் கண்ணை மூடி ஒரு மாதம்கூட ஆகவில்லை. நேற்று அதே காரியதரிசி என் வீடு தேடி வந்தார். ஆண்டுவிழாவில் உங்கள் படத்தைத் திறந்து வைக்கிறார்களாம். "அந்தம்மா நம்ம சங்கத்துக்கே பெருமை. அவுகளப் பத்தி நீங்கதான் நாலு வார்த்தை பேசணும்" என்றார். என்ன நெஞ்சழுத்தம்!

வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். வேலாயியையும் அவள் மகளையும் முன்வரிசையில் வந்து உட்காரச் சொல்லியிருக்கிறேன். உங்களை வேலையிலிருந்து நீக்கியது இந்தச் சங்கம்தான் என்பதையும், எதற்காக நீக்கியது என்பதையும்தான் முதலில் சொல்வேன். மைக்கை நிறுத்தினால் நிறுத்தட்டும். அந்த நீள வீடுகளின் பின்வாசலில் நின்றுகொண்டு முன்வாசலில் இருக்கும் உங்களைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை எனக்கு.